150 வெள்ளிக்கு ஒரு செண்ட்: அன்னாசியா, ஆப்பிளா, பாசார் மாலாம் பாட்டிலா?

சின்னம்மா மகனுக்கு ஈப்போவில் வேலை கிடைத்திருக்கிறது. காப்புறுதி அலுவலகம், கவுண்டரில் உட்கார்ந்து ஆட்களைப் பார்க்கிற வேலை. சுங்கை சிப்புட்டிலிருந்து தினமும் மோட்டாரில் போய்வரப் போகிறான், ஒரு வழிக்குக் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர். சட்டை தைக்கக் கொடுத்தாயா, சப்பாத்து வாங்கினாயா என்று நான் கேட்டுக்கொண்டிருக்க, அவனுக்கு வேறு கவலை. "அண்ணே, 150 வெள்ளிக்குள்ள ஒரு நல்ல செண்ட் சொல்லுங்க. பழ வாசமா இருக்கணும், ஆனா முட்டாய் மாதிரி இனிக்கக் கூடாது, அடியில கட்டை வாசம் வரணும், சாயங்காலம் வரைக்கும் நிக்கணும்."

பழம், கட்டை, சாயங்காலம் வரை. இதில் மூன்றாவதுதான் வம்பு. முதல் இரண்டையும் எந்தக் கடைக்காரனும் ஒரு காகிதப் பட்டையில் அடித்து மூக்குக்கு நேரே நீட்டிவிடுவான், நாமும் ஆஹா என்று பணத்தை எடுத்து நீட்டிவிடுவோம். கடைக்குள் ஏர்கோன். வெளியே வந்து மோட்டாரை உதைத்து, சிவப்பு விளக்கில் இரண்டு தடவை நின்று வியர்த்த பிறகு கையில் என்ன மிச்சம் என்பதுதான் கேள்வி, அதற்கு அந்தக் காகிதம் பதில் சொல்லாது.

அதனால் அவனுக்காக (சரி, எனக்காகவும்தான், எனக்கு இந்தப் பைத்தியம் கொஞ்சம் உண்டு) நாலு செண்டை எடுத்து ஒவ்வொன்றையும் சில நாள் அடித்துப் பார்த்தேன். மூன்றை 5 மில்லி சின்னக் குப்பியில் பிரித்து விற்பவர்களிடம் வாங்கினேன், ஒவ்வொன்றும் 10, 15 வெள்ளிக்குள் முடிந்தது. நாலாவது நம்ம பாசார் மாலாம் (இரவுச் சந்தை) சரக்கு. காலை ஏழரைக்குக் குளித்துத் துடைத்ததும் நாலு அடி: கழுத்தில் இரண்டு, முழங்கையின் உள்பக்கம் ஒன்று, சட்டையில் ஒன்று. அப்புறம் கடை, வெயில், மதியச் சோறு, மழை, வீடு. நான் வேலை செய்வது மோட்டார் உபரிபாகக் கடையில், கிரீஸ் வாடைக்கு நடுவில் ஒரு செண்ட் தாக்குப்பிடிக்கிறது என்றால் அது எங்கேயும் பிடிக்கும்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல்தான் பலர் "ஒரிஜினல் இல்லை, ஏமாற்றிவிட்டான்" என்று கத்துகிறார்கள். பழ வாசம் நிற்காது. அது செண்டின் குற்றம் கிடையாது, பழ வாசத்தின் சுபாவம். எலுமிச்சைத் தோலில் இருக்கிற லிமோனீன் என்ற பொருளின் மூலக்கூறு எடை 136. அன்னாசி வாசம் தருகிற அல்லைல் ஹெக்ஸனோயேட் 156. கட்டை வாசத்துக்காகச் சேர்க்கிற ஐசோ இ சூப்பர் 234, அம்பர் (திமிங்கிலத்திலிருந்து கிடைக்கிற வாசப் பொருள்) வாசத்துக்கு அம்ப்ராக்சான் 236. இலேசானது முதலில் பறந்துவிடும், கனமானது தோலில் உட்கார்ந்திருக்கும். 33 டிகிரி வெயிலில் தோலும் சூடாக இருந்தால் அந்த இலேசானது இன்னும் வேகமாகப் பறக்கும். ஆக, பழத்தைப் பார்த்துத்தான் வாங்குகிறோம், ஆனால் பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை குடித்தனம் நடத்துவது கட்டையோடு. அந்தக் கட்டை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள், பழம் தானாகப் பிடிக்கும்.

இன்னொன்று: பாட்டிலுக்குள் அன்னாசிப் பழம் கிடையாது. எலுமிச்சை, பெர்கமோட் மாதிரி தோலைப் பிழிந்தால் எண்ணெய் வருகிற பழங்கள் உண்டு. அன்னாசி, ஆப்பிள், பிளம் எல்லாம் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் கட்டி எழுப்புகிற வாசம். விலை கூடின செண்டிலும் அப்படித்தான்.

சரி, முதல் ஆள். அர்மாஃப் கம்பெனியின் கிளப் டி நுயி இன்டென்ஸ் மேன், சுருக்கமாகக் கிளப். துபாய்ச் சரக்கு, 2015-ல் வந்தது. 2010-ல் வந்த கிரீட் அவென்டஸ் என்ற செண்டின் வாசத்தைக் குறிவைத்துச் செய்தது என்பது இந்தப் பைத்தியம் பிடித்த எல்லோருக்கும் தெரியும். அவென்டஸ் ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும், இது 105 மில்லி நான் பார்த்தபோது 128 வெள்ளி. எலுமிச்சை, அன்னாசி, ஆப்பிள், கருந்திராட்சை மாதிரியான ஒரு புளிப்புப் பழம் எல்லாம் மேலே. நடுவில் பிர்ச் மரத்தின் புகை. அடியில் கஸ்தூரி, பச்சௌலி என்ற இலையின் வாசம், கொஞ்சம் வெண்ணிலா.

அடித்தவுடனே வருவது எலுமிச்சை, அதுவும் சட்டென்று, கொஞ்சம் முரட்டுத்தனமாக. சிலருக்கு அது தரை கழுவும் மருந்து மாதிரி தெரியும், எனக்கு முதல் நாள் அப்படித்தான் தெரிந்தது. அவசரப்பட்டு முடிவெடுக்காதீர்கள். பத்து நிமிடம் போனால் எலுமிச்சை ஒதுங்கி அன்னாசி வருகிறது, பழுக்கப் போகிற, காம்புப் பக்கம் இன்னும் பச்சை இருக்கிற அன்னாசி. அது ஒரு அரை மணி நேரம். அப்புறம் புகை.

இந்தப் புகையைப் பற்றித்தான் நிறைய சொல்லவேண்டும். பிர்ச் மரப்பட்டையைக் காற்றுப் படாமல் சூடாக்கி எடுக்கிற தார் எண்ணெய் ஒன்று உண்டு, பழைய ரஷ்யத் தோல் சாமான்களுக்கு அந்த வாசம் அதிலிருந்து வந்ததுதான். பாட்டிலில் எவ்வளவு அசல், எவ்வளவு சேர்க்கை என்பது கம்பெனி ரகசியம். மூக்குக்கு எட்டுவது அந்தக் குடும்பத்து வாசம். மூன்றாவது நாள் சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைந்து ஹெல்மெட்டைக் கழற்றுகிறேன், அப்பா நாற்காலியிலிருந்து தலையைத் தூக்கி, "ஏண்டா, ஷீட் புகை போடுற இடத்துக்கா போயிட்டு வர்ற?" என்றார். எனக்குச் சிரிப்பு. அவர் 31 வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டினவர். பாலை உறையவைத்து, மெஷினில் கொடுத்து ஷீட்டாக உருட்டி, புகைக்கூடத்தில் தொங்கவிட்டு ரப்பர் கட்டையை எரித்து நாலைந்து நாள் காயவைப்பார்களே, அந்த வாசம். அவர் அதைக் குறையாகச் சொல்லவில்லை. கோப்பையிலேயே உறைந்துபோன கட்டிப்பால் நாற்றம்தான் அவருக்கு ஆகாது, பஸ்ஸில் ஏறினால் பக்கத்தில் யாரும் உட்காரமாட்டார்கள் என்று இன்னமும் சொல்வார். ஷீட் புகை வேறு. கொஞ்சம் இனிப்பு, கொஞ்சம் கரி, கொஞ்சம் தோல். ஒரு துபாய்ப் பாட்டிலுக்குள் அது இருக்கிறது என்று கடைசி வரை அவர் நம்பவில்லை. அம்மா மட்டும் வெள்ளிக்கிழமை வீட்டில் சாம்பிராணியும் சேர்ந்தபோது மூக்கைச் சுளித்தார், அது நியாயம்தான், இரண்டு புகை ஒரு வீட்டுக்கு ஆகாது.

இப்படி மதியம் ஒரு மணி வரை புகை தெளிவாக இருக்கிறது. அதற்குப் பிறகு அடங்கி, தோலை ஒட்டின மாதிரி கஸ்தூரியும் வெண்ணிலாவும். நாலு மணிக்கு முழங்கையை மூக்கருகில் கொண்டுபோனால்தான் தெரியும், ஆனால் தெரியும். சட்டையில் மறுநாள் காலை கூட இருந்தது. ஹெல்மெட் வாரில், தாடைக்குக் கீழே வருகிற அந்தப் பட்டையில், ஒரு வாரம் கழித்தும் இருந்தது, இது நான் எதிர்பார்க்காத இடம். பாட்டிலில் ஓ டி டாய்லெட் என்றுதான் போட்டிருக்கிறது, அதாவது கணக்குப்படி ஓ டி பர்ஃபம் என்பதைவிட எண்ணெய் குறைவு. கணக்கு வேறு, தோல் வேறு. அந்த எழுத்தைப் பார்த்து எத்தனை மணி நேரம் நிற்கும் என்று முடிவு கட்டாதீர்கள்.

இரண்டாவது ரசாசியின் ஹவாஸ். இதுவும் துபாய், இதுவும் 2015. 100 மில்லி நான் விசாரித்தபோது 145 வெள்ளி சொன்னார்கள், தம்பியின் கணக்குக்குள் மயிரிழையில் வருகிறது. ஆப்பிள், பட்டை, ஏலக்காய், பிளம், அடியில் அம்பரும் கடலில் மிதந்து ஒதுங்கின கட்டை மாதிரி ஒரு வாசமும். புகை கிடையாது. குளித்துவிட்டு வந்த ஆள் என்ற எண்ணம்தான் முதலில் வரும், கூடவே ஒரு இனிப்பு. பழம் சீக்கிரம் போய்விடும் என்று மேலே சொன்னேன் அல்லவா, ஹவாஸில் அந்த விதி கொஞ்சம் வளைகிறது: ஆப்பிள் போனாலும் பிளமும் அந்த இனிப்பும் அடியில் இருக்கிற கனமான சாமானோடு ஒட்டிக்கொண்டு நாலு மணி நேரம் வரை பழம் மாதிரியே தெரிகிறது. பரவுவதிலும் இதுதான் முதல். கடையில் எதிர்ப்பக்கம் பிளக் தேடிக்கொண்டிருந்த சீனப் பெரியவர் கேட்டார், என்ன மின்யாக் வாங்கி (மலாயில் செண்ட்) இது, வாசமாக இருக்கிறதே என்று. மற்ற மூன்றுக்கும் யாரும் கேட்கவில்லை.

ஆனால் மதியம் இரண்டு மணி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, அந்த இனிப்பு எனக்குத் திகட்டியது. மழைக்கு முந்தின புழுக்கம் தெரியும்தானே, காற்றே இல்லாமல் சட்டை முதுகில் ஒட்டுகிற நேரம், அப்போது ஹவாஸ் நாலு அடி அதிகம். இரண்டு அடியோடு நிறுத்தின நாள் சரியாக இருந்தது. தம்பி கேட்ட 'முட்டாய் மாதிரி இருக்கக் கூடாது' என்பதில் இது எல்லைக்கோட்டின் மேல் நிற்கிறது.

மூன்றாவது ஹ்யூகோ பாஸின் பாஸ் பாட்டில்ட். 1998-ல் வந்தது, அன்னிக் மெனார்டோ என்ற அம்மா செய்தது. பழமும் கட்டையும் சேர்ந்த ஆண்கள் செண்ட் என்றால் இதுதான் எனக்கு முதலில் ஞாபகம் வரும், அந்தக் காலத்து கிராணி வேலைக்காரர்கள், ஆசிரியர்கள் கல்யாணத்துக்கு அடித்துக்கொண்டு வருவார்கள். ஆப்பிள், பட்டை, அப்புறம் சந்தனம், தேவதாரு, வெட்டிவேர். (வெட்டிவேருக்கு உலகம் முழுக்க செண்ட்காரர்கள் சொல்கிற பெயரே நம்ம தமிழ்ச் சொல்லிலிருந்து போனதுதான், இதை நான் கிடைத்த இடத்திலெல்லாம் சொல்லிவிடுவேன்.) பட்டை போட்டு வேகவைத்த ஆப்பிள், பக்கத்தில் மரப்பெட்டி. முரடு எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் பழம், பிறகு நாலு மணி நேரம் அமைதியான கட்டை, அதுவும் கைக்கெட்டும் தூரத்துக்குள். சத்தம் போட்டுப் பேசாத மனிதர் மாதிரி. எனக்கு நாலில் அடிப்பகுதி ரொம்பப் பிடித்தது இதில்தான். ஆனால் 100 மில்லி நான் பார்த்தபோது தள்ளுபடியிலேயே 200 வெள்ளியைத் தாண்டியது, தம்பியிடம் அவ்வளவு இல்லை, அவன் கேட்ட சாயங்காலமும் இதில் இல்லை.

நாலாவது பாசார் மாலாம். 30 மில்லி 15 வெள்ளி, மேசையில் வரிசையாக அடுக்கி, பெரிய செண்டுகளின் பெயரை எழுதி ஒட்டியிருப்பார்கள். எல்லாவற்றையும் மட்டம் என்று நான் சொல்லமாட்டேன், சில ஆட்கள் நல்ல எண்ணெய் வாங்கி ஒழுங்காகக் கலக்குகிறார்கள். நான் வாங்கினது அன்னாசி வகை. முதல் இருபது நிமிடம் பார்த்தால் 128 வெள்ளிச் செண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நிறைய பேர் திணறுவார்கள், சத்தியமாக. பழ வாசம் மலிவானது, அதைப் போடுவது யாருக்கும் சுலபம். அடியில்தான் காசு. ஒன்பதரைக்குப் பார்த்தால் கையில் ஒன்றுமில்லை, லேசாக ஒரு இனிப்புப் பிசுபிசுப்பு, அவ்வளவு. மாலையில் பந்து விளையாடப் போவதற்கும் கோயிலுக்கு ஒரு நடை போவதற்கும் இது போதும்லா, வேலைக்கு ஆகாது.

இதை விடவும் மோசமானது ஒன்று உண்டு, அது போலி. போன வருஷம் இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் பெரிய செண்ட் ஒன்று 60 வெள்ளிக்குப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு வாங்கினேன். பெட்டி அச்சு அசல். மூடி கனமில்லை, அமுக்கினால் பனி மாதிரி வராமல் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது, பெட்டியின் அடியில் இருந்த எண்ணும் பாட்டிலின் அடியில் இருந்த எண்ணும் வேறு வேறு. அந்த எண்ணை மட்டும் வாங்கினவுடனே ஒப்பிட்டுப் பாருங்கள், பொருந்தவில்லை என்றால் திருப்பிக் கேளுங்கள். நான் பேரம் பேசாத அன்றைக்கு இப்படி ஆனது, பேரம் பேசியிருந்தால் 50 வெள்ளிக்கு ஏமாந்திருப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

காசுக் கணக்கைப் போட்டுவிடலாம். ஒரு அடிக்குச் சுமார் 0.1 மில்லி வெளியே வரும். அப்படியென்றால் 105 மில்லியில் ஆயிரம் அடி, 128 வெள்ளிக்கு ஒரு அடி 12, 13 சென். ஹவாஸ் பதினாலரை சென். பாசார் மாலாம் 5 சென்தான், பார்த்தால் மலிவு. ஆனால் கிளப் நாலு அடியில் ஒரு நாள் ஓடுகிறது, கிட்டத்தட்ட 50 சென். ஹவாஸ் நான் சொன்ன மாதிரி இரண்டு அடியோடு நிறுத்தினால் நாளுக்கு 30 சென்கூட ஆகாது, நாலில் அதுதான் உண்மையில் சிக்கனம். பாசார் மாலாம் பாட்டிலை நாளுக்கு மூன்று தடவை நாலு நாலு அடி அடித்தால் 60 சென். அதோடு அதைப் பையில் போட்டுக்கொண்டு திரியவேண்டும், கழிவறைக்குப் போய் அடிக்கவேண்டும், கூட வேலை செய்பவர்கள் கிண்டல் செய்வார்கள்.

அடிப்பதிலும் சில விஷயம். தேங்காய் எண்ணெய் தேய்த்த தலைக்கும் கழுத்துக்கும் பக்கத்தில் அடித்தால் எல்லாச் செண்டும் தேங்காய்ச் செண்ட் ஆகிவிடும். தோல் வறண்டிருந்தால் வாசமில்லாத கிரீம் கொஞ்சம் தடவிவிட்டு அடியுங்கள், கூடுதலாக நிற்கும். மோட்டாரில் போகிறவர்களுக்குக் கழுத்தில் அடிப்பது பாதி வீண், காற்று எல்லாவற்றையும் பின்னால் வருகிற லோரிக்காரனுக்குக் கொடுத்துவிடும். நெஞ்சில், பனியனுக்கு உள்ளே அடித்தால் சட்டை அதை மூடிப் பிடித்துக்கொள்ளும், அலுவலகத்துக்குள் போய் ஜாக்கெட்டைக் கழற்றும்போது மெல்ல வரும். மழைக்கோட்டு போட்டுக்கொண்டு போகிற நாளில் அளவைப் பாதியாக்குங்கள், உள்ளே வெந்துபோய் வேறு வாசம் ஆகிவிடும். பாட்டிலை மோட்டார்ப் பெட்டியில் வைக்காதீர்கள், சூடும் வெளிச்சமும் பட்டால் முதலில் கெட்டுப்போவது நீங்கள் காசு கொடுத்து வாங்கின அந்தப் பழம்தான்.

முக்கியமான ஒன்று: இருபது நிமிடத்தில் உங்கள் மூக்கு உங்கள் செண்டை மறந்துவிடும். போய்விட்டது என்று நினைத்து மறுபடி அடிக்காதீர்கள். நான் ஒரு தடவை அப்படி எட்டு அடி அடித்துக்கொண்டு ஈப்போ பஸ்ஸில் ஏறினேன், பக்கத்தில் இருந்த மலாய் அக்கா ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அந்தத் திரும்பலே போதும். இருக்கிறதா இல்லையா என்று தெரியவேண்டுமென்றால் கூட இருப்பவரிடம் கேளுங்கள்.

இப்போது தம்பி விஷயம். வெளியில் நிற்கிற ஆள், மில்லில் வேலை செய்பவர், என்னை மாதிரி கடைக்காரர் என்றால் யோசிக்காமல் கிளப்பைச் சொல்லிவிடுவேன், செம்பனை மில் வாடைக்கு எதிரில் அந்தப் புகை மட்டும்தான் நிமிர்ந்து நிற்கும். ஆனால் அவன் நாள் முழுக்க ஏர்கோனில், மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் கணவன் இறந்து காப்புறுதிப் பணம் கேட்டு வந்திருக்கிற ஒரு அம்மா. அடைத்த அறையில் புகை எங்கேயும் போகாது. அதனால் ஹவாஸ் வாங்கு, இரண்டே அடி என்று சொன்னேன். பணம் இருந்தால் பாஸ் சொல்லியிருப்பேன்.

அவன் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று குப்பியிலும் மிச்சமிருந்ததை வாங்கிக்கொண்டு போனான். ஒரு வாரம் கழித்து வந்து, கிளப்தான் வேண்டும் என்கிறான். ஏனடா என்றால், ஹவாஸ் காலையில் நன்றாக இருக்கிறதாம், ஆனால் சாயங்காலம் சட்டையைக் கழற்றி முகர்ந்தபோது கிளப்தான் பிடித்ததாம். "ரெண்டு அடிதான் அண்ணே, பனியனுக்குள்ள, ஆபீஸுக்கு அரை மணி முன்னாடியே போயிடுறேன், அந்த எலுமிச்சை ரோட்டுலயே போயிடும்." நான் இவ்வளவு எழுதியும் எனக்குத் தோன்றாத வழி. கவுண்டரில் எப்படி என்று கேட்டேன், பக்கத்து மேசை அக்காவிடம் கேட்டுப் பார்த்தானாம், கிட்ட வந்தால்தான் தெரிகிறது என்றாராம்.

128 கொடுத்து வாங்கிவிட்டான். மீதி 22 வெள்ளிக்கு என்னை வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போனான். இலையில் மீன் தலைக் குழம்பை ஊற்றின பிறகு அவனுக்கும் வாசம் இல்லை, எனக்கும் வாசம் இல்லை.